விட்டால் சுடும்

பிப்ரவரி 6

அன்புள்ள ஊசிக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் உன் அம்மா டெலிபோனில் பார்த்துக்கொள்வாள். மாமா நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தைப் பட்டறையில் ஒருமுறை படித்தேன், வீட்டுக்குப் போய் உன் அக்கா மகன் பிடுங்கப் பார்க்க, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். "குறி நடுவில் நிற்கிறது, மூச்சு நிற்கிறது, எல்லாம் நிற்கிறது, விரல் மட்டும் ட்ரிகரை இழுக்க மாட்டேன் என்கிறது. கடைசியில் வெடுக்கென்று இழுத்து, குண்டு எங்கோ போகிறது" என்று எழுதியிருக்கிறாய். துப்பாக்கி கிளப்பிலேயே நன்றாகச் சுடுகிற பெண், இப்போது குறி அட்டையின் நடுக் கறுப்பைத் தொடவே திணறுகிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறாய். நான் சொல்வேனா? என் வயிற்றில் எதுவும் தங்காது என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்.

இது பயந்து நடுங்க வேண்டிய வியாதி இல்லை. பெரிய பெரிய ஆட்களுக்கு வருவது. போன வருஷம் ஒரு சாம்பியன் என் பட்டறைக்கு வந்தார். ஆறடி உயரம். பெயரை வெளியே சொல்லாதீர்கள் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் காற்றுத் துப்பாக்கியை வாங்கி, ட்ரிகரைக் கழற்றி, என் ட்ரிகரை மாட்டிக் கொடுத்தேன். மறு மாதம் கோப்பையோடு வந்து நின்றார். கோப்பையை உங்களுக்கே கொடுக்கிறேன் என்றார், வைக்க இடம் இல்லை என்று திருப்பி அனுப்பினேன்.

என் ட்ரிகரின் சூட்சுமம் இதுதான். உலகத்தில் உள்ள ட்ரிகர் எல்லாம் இழுத்தால் சுடும். என்னுடையது இழுத்தால் சும்மா இருக்கும். இழுத்த விரலை விட்டால் சுடும். யோசித்துப் பார். உன் பயம் முழுக்க இழுப்பதில் இருக்கிறது. அந்த வேலையை முதலிலேயே முடித்துவிடு. துப்பாக்கியைத் தூக்கும்போதே, குறி பார்க்க ஆரம்பிக்கும் முன்பே, இழுத்துப் பிடித்துக்கொள். கறுப்பு வந்து நடுவில் உட்கார்ந்ததும் விரலைத் தளர்த்து. கையில் இருக்கிற பையைக் கீழே வைக்க யாராவது பயப்படுவார்களா?

பார்சலில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஸ்க்ரூதான், நீயே மாட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்த பிறகு, வேண்டாம் என்று மனசு மாறினால் கட்டைவிரலால் அதை முன்னே தள்ளிவிட்டு விரலை எடு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்றது. இன்று உங்கள் கிளப்பின் காற்றுத் துப்பாக்கிகள் எல்லாம் என் கையால்தான் மூச்சு விடுகின்றன. உங்கள் செயலாளர், அந்தப் பல் டாக்டர், வேறு யாரிடமும் கொடுப்பதில்லை தெரியுமா.

பட்டறைக் கம்ப்ரஸர் என் காதைத் தின்று முடித்துவிட்டது, போனில் நீ கத்தினாலும் எனக்கு மழைச் சத்தம்தான். அதனால் எழுது.

உன் மாமா

பிப்ரவரி 15

மாமா,

பார்சல் வந்தது. அந்தச் சாம்பியனைப் பற்றிப் போன தடவை நீங்கள் சொன்னபோது அவர் ஐந்தரை அடி. வளர்கிற வயது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மாடி வீட்டில் நான் மட்டும்தான். கூடத்தின் கடைசியில் பழைய துணி திணித்த அட்டைப் பெட்டியை வைத்து, அதில் குறி அட்டையை ஒட்டி, உங்கள் ட்ரிகரை மாட்டினேன். துப்பாக்கியைத் தூக்கும்போதே இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உடம்பு முழுக்க, ஐயோ இப்போது வெடிக்கப் போகிறது என்று காத்திருந்தது. வெடிக்கவில்லை. பிறகு குறி பார்த்தேன். கறுப்பு நடுவில் வந்தது. விட்டேன்.

நடுவில் ஓட்டை. அடுத்ததும் நடுவில். குண்டு டப்பா தீரும்வரை சுட்டேன். மாமா, ஒரு வருஷமாக நான் அப்படி ஒரு அட்டையைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். புது லென்ஸ் கேட்டு வருகிறவரிடம், கிட்டத்தில் படிக்க இது நல்லது, படி இறங்கும்போது தலை சுற்றும் என்று இரண்டையும் சொல்லித்தான் போட்டுக் கொடுக்கிறேன். நீங்கள் நல்லது மட்டும் எழுதியிருக்கிறீர்கள். குறை என்ன? இழுத்துப் பிடித்திருக்கும்போது ஏதாவது ஆனால் என்ன செய்வது? வேறு யாராவது எடுத்துச் சுட்டால்? இதற்குக் கிளப் விதியில் இடம் உண்டா? கதை வேண்டாம் மாமா. குறையை மட்டும் எழுதுங்கள்.

இந்தத் துப்பாக்கியைத் தவிர எனக்கு என்று வேறு எதுவும் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். மார்ச் கடைசியில் அணித் தேர்வு.

ஊசி

பிப்ரவரி 24

அன்புள்ள ஊசிக்கு,

குறை எழுது என்கிறாய். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வியாதி என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

இதில் பழகிவிட்டால் வேறு ட்ரிகர் கைக்கு ஒத்துவராது. சாப்பாடு ருசியாக இருப்பதைக் குறை என்று சொன்னால், அது குறைதான்.

அடுத்தது, நீ கேட்ட கேள்வி. சாதா ட்ரிகரில் விரலை எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. இதில் விரலை எடுத்தால்தான் பிரச்சினையே ஆரம்பம். அதற்காகத்தான் நாக்கு. நாக்கைத் தள்ளாதவரை விரலை எடுக்காமல் இருந்தால் போதும். ஒருமுறை நான் இழுத்துப் பிடித்திருந்த நேரத்தில் தபால்காரர் வந்துவிட்டார். இடது கையால் கையெழுத்துப் போட்டேன், அவர் மகள் கல்யாணத்தில் நடந்த சண்டை முழுவதையும் அவர் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், பாதியில் அவருக்கு ஆறுதலும் சொன்னேன். வலது விரல் ஒரு மயிரிழை நகரவில்லை.

வேறு யாராவது எடுத்தால் ஆபத்துதான், மறைக்கவில்லை. அவனுக்குத் தெரியாது, இழுப்பான், சுடாது, பழுது என்று நினைத்து விரலை விட்டுவிட்டுத் திரும்புவான். அதனால் ட்ரிகர் வளையத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவை. பார்ப்பவன் என்ன ஏது என்று கேட்பான்.

என்னிடம் வாங்கினவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். ஒருத்தன் மட்டும்தான் கழற்றி வைத்துவிட்டான். குறி பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து யாரோ தோளைத் தொட்டார்களாம். துள்ளி விரலை விட்டுவிட்டான், கூரையில் ஓட்டை. ஆள் ஒரு அசமந்தம், அதை விட்டுத்தள்ளு.

கிளப் விதியை நான் படித்ததில்லை. விதியெல்லாம் படித்திருந்தால் இவ்வளவு கண்டுபிடித்திருப்பேனா? யாரும் கேட்காத கேள்விக்கு நீயாகப் போய்ப் பதில் சொல்லாதே.

உன் மாமா

மார்ச் 10

மாமா,

விதியை நான் படித்தேன். கிளப்பில் நாங்கள் சுடுகிற ரேஞ்சின் வாசல் பக்கச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. "விசையை இழுக்கும்போதுதான் துப்பாக்கி சுட வேண்டும்." ஒரே வரி. இத்தனை வருஷமாக அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். இப்போதுதான் கண்ணில் படுகிறது. இப்போது அதைப் பார்க்காமல் போக முடியவில்லை.

சிவப்பு நூல் கட்டவில்லை. கட்டினால் கார்டு சார் கேட்பார். அவரை உங்களுக்குத் தெரியும், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ரேஞ்சில் பாதுகாப்பு அவர் பொறுப்பு. விசில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

பயிற்சிச் சுற்றில் நான்தான் முதலாவதாக வந்தேன். இரண்டாவதாக வந்தவர் கிட்டத்திலேயே இல்லை. கார்டு சார் என் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, விரலுக்கு யாரு மந்திரிச்சா?"

"மாமா சர்வீஸ் பண்ணிக் குடுத்தாரு சார்."

"அந்த வாய்ச்சவடால் மாமாவா? வாயி எப்படியோ, கை நல்ல கைதான்."

பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் சிரித்த முகமே கண்ணுக்குள் நிற்கிறது. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள், எனக்கு யாரோ வேறு ஒருத்தியைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

தேர்வு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அல்லது தேர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டுமா? நீங்கள் வேறு மாதிரி யோசிப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

ஊசி

மார்ச் 16

ஊசி,

கை நல்ல கை என்று அவர் சொன்னதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வாய்ச்சவடால் என்ற இடத்தில் இருமிவிட்டேன்.

முன்னால் சொல்லாதே. சொன்னால் தேர்விலேயே நிற்க விடமாட்டார்கள். முதலில் அணிக்குள் போ. உள்ளே போனவளை வெளியே தள்ள அவர்களுக்குக் கை வராது. அணியின் சட்டையை எந்தத் தையல்காரரிடம் கொடுப்பது என்பதைக்கூட நான் இங்கே பேசி முடித்துவிட்டேன்.

நாக்கை மறக்காதே.

மாமா

மார்ச் 24

மாமா,

இதை அம்மாவிடம் காட்டாதீர்கள்.

ரேஞ்சின் பக்கவாட்டில், குறி அட்டைகள் இருக்கும் பக்கம், ஒரு கதவு இருக்கிறது. எப்போதும் பூட்டியிருக்கும். வெளிச் சன்னல்களுக்கு வண்ணம் பூச ஒரு பெயிண்டர் வந்திருந்தார். சாவியை அவரிடம் கொடுத்தது யார் என்று இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தேர்வின் இரண்டாவது சுற்று. நான் இழுத்துப் பிடித்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. பெயிண்டர் வாளியோடு உள்ளே வந்தார்.

கார்டு சார் விசில் அடித்தார்.

சேர்ந்த முதல் நாளே அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான். "விசில் கேட்டா யோசிக்காதே. யோசிக்கிறதுக்குள்ள விரல் வெளியே வந்திருக்கணும், துப்பாக்கிக் குழாய் கீழே இறங்கியிருக்கணும்." வருஷக்கணக்காக அதைத்தான் பழகியிருக்கிறேன். அன்றும் அதைத்தான் செய்தேன். குழாயை இறக்கினேன். விரலை எடுத்தேன்.

குண்டு சிமெண்ட் தரையில் பட்டுத் தெறித்துப் பெயிண்டரின் புருவத்தைக் கிழித்தது.

ஓடினேன். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பெயிண்டில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "கண்ணைத் திறங்கண்ணா" என்றேன். "திறந்துதாம்மா இருக்கேன், ஒண்ணும் தெரியல" என்றார். ரத்தம் உள்ளே வழிந்ததால் தெரியவில்லையா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியாது. நாள் முழுக்கக் கண்ணைப் பார்க்கிற வேலை செய்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தையல் போட்டிருக்கிறார்கள். வீக்கம் வடிந்த பிறகுதான் பார்வை பற்றிச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

கார்டு சார் என்னிடம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நான் விசில் அடிச்சேனா இல்லியா?"

"அடிச்சீங்க சார்."

"உன் விரல் வெளிய வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"நானும் பாத்தேன், வந்துச்சு. அப்ப எப்படிம்மா சுட்டுது?"

விரல் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். செயலாளர் என் துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வீட்டில் பழகினபோது நாக்கைத் தள்ளாமல் ஒருமுறைகூட விரலை எடுத்ததில்லை, மாமா. ஆனால் வீட்டில் யாரும் விசில் அடிப்பதில்லை.

ஊசி

மார்ச் 31

ஊசி,

முதலில் எனக்கு உன் மேல் கோபம் வந்தது. நாக்கைத் தள்ளு என்று எழுதினேனா இல்லையா என்று பட்டறைச் சுவரோடு சண்டை போட்டேன். பிறகு உட்கார்ந்து, எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று யோசித்தேன்.

எனக்கு விசில் கேட்காது. கம்ப்ரஸர் முதலில் தின்றதே அந்த மாதிரி கீச்சுச் சத்தத்தைத்தான். ரேஞ்சில் நான் நின்றால், பக்கத்தில் இருப்பவன் துப்பாக்கியை இறக்குவதைப் பார்ப்பேன். அதன் பிறகு நாக்கைத் தள்ளுவேன். அதன் பிறகு விரலை எடுப்பேன். எனக்கு நேரம் இருக்கிறது. காது உள்ளவர்களுக்கு விசிலுக்கும் விரலுக்கும் நடுவில் நேரமே கிடையாது, உங்கள் கார்டு அதை வேரோடு பிடுங்கி எறிந்துவிடுகிறார். நான் செவிடனுக்கு ஒரு ட்ரிகர் செய்து காது உள்ளவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பெயிண்டரின் கண் என்ன ஆயிற்று? உடனே எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இன்னொன்றும் எழுதாமல் இருக்க முடியவில்லை. விரல் வழுக்கியது என்று எப்படிச் சொன்னாய்? அந்த ட்ரிகரின் முகத்தில் ஒவ்வொரு வரியையும் கையால் அரம் போட்டு இழைத்திருக்கிறேன். எண்ணெய்க் கையால் பிடித்தாலும் வழுக்காது. நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

மாமா

ஏப்ரல் 6

மாமா,

கண்ணுக்கு ஒன்றும் இல்லை. நேற்று அவரையே எங்கள் கடைக்கு அழைத்து வந்து, நாற்காலியில் உட்காரவைத்து, கடைசி வரிசை எழுத்துவரை படிக்கச் சொன்னேன். படித்தார். "இதுக்கு முன்னாடிகூட இவ்ளோ தெளிவா படிச்சதில்லம்மா" என்று சிரித்தார். நான் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் வராதீர்கள். காரணம் எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள். ட்ரிகர் உங்களுடையது என்று தெரிந்தால் கிளப் துப்பாக்கி ஒன்றுகூட உங்கள் பட்டறைக்கு வராது. கிளப் வேலையை எடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது சைக்கிள் பம்புகள்தான். அம்மாவே சொன்னாள்.

பதினெட்டாம் தேதி கமிட்டி கூடுகிறது. நான் உள்ளே போக அனுமதி இல்லை. எழுதிக் கொடுத்ததை வைத்து முடிவு செய்வார்கள். விசிலுக்குப் பிறகு சுட்டவளை எந்தக் கிளப்பும் வைத்துக்கொள்ளாது. நீக்கிவிடுவார்கள். நீக்கட்டும். என் விரல்தான், என் தப்புதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ட்ரிகரைப் பற்றி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள்.

இன்னொரு விஷயம். கூரையில் ஓட்டை போட்டுவிட்டுக் கழற்றி வைத்த அசமந்தம் யார் என்று எனக்குத் தெரியும். தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டிய ஆள் உங்கள் பட்டறையில் ஒருவர்தான்.

நீங்கள் அதை அனுப்பும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஊசி

ஏப்ரல் 20

அன்புள்ள ஊசிக்கு,

வராதே என்று நீ எழுதியது கையில் கிடைத்தபோது நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அப்படி இல்லை. கிடைத்தது, படித்தேன், பிறகு ஏறினேன்.

கமிட்டி அறை உனக்குத் தெரியும், நீள மேசை, சுவர் முழுக்கக் கோப்பை. செயலாளர் நடுவில், கமிட்டி ஆட்கள் இரண்டு பக்கமும், உங்கள் கார்டு சன்னல் ஓரம், கடைசியில் புருவத்தில் பிளாஸ்திரியோடு பெயிண்டர். நான் கதவைத் தட்டவில்லை. தட்டினால் உள்ளே வரச் சொல்வது எனக்குக் கேட்காதே.

செயலாளர் வாயைப் பார்த்தேன். "நீங்க ஏன் இங்க வந்தீங்க" என்றார்.

"அந்தத் துப்பாக்கியில இருக்கிற ட்ரிகர் நான் பண்ணினது. இந்த ஊர்ல, பக்கத்து ஊர்ல, எந்த ஊர்லயும் வேற எவனும் பண்ண முடியாது. விரல் வழுக்கிச்சுன்னு எம் மருமக எழுதிக் குடுத்திருக்கா. அது பொய். எம் ட்ரிகர்ல விரல் வழுக்காது. அது விட்டாச் சுடும்."

எல்லார் முகமும் மாறியது. மனுஷன் பிறந்ததற்கு இந்த மாதிரி ஒரு அறையில் ஒருமுறையாவது பேச வேண்டும். நான் விளக்கினேன். நல்லது கெட்டது இரண்டும் சொன்னேன், உன் கண்ணாடிக் கடையில் சொல்கிற மாதிரி. விரல் உறைந்தவர்களுக்கு இதைப் போல் மருந்து இல்லை என்றேன். விசில் இருக்கிற இடத்துக்கு இதைப் போல் விஷமும் இல்லை என்றேன்.

செயலாளர் நம்பவில்லை. "சொந்தக்காரங்களக் காப்பாத்த நீங்க என்ன வேணா சொல்வீங்க. உங்க பேச்சு எங்களுக்குத் தெரியாதா? ட்ரிகர் எப்படி இருந்தாலும், விசிலுக்கு அப்புறம் சுட்டது சுட்டதுதான். எச்சரிக்கையா இருந்திருந்தா விட்டிருக்கமாட்டா."

அலமாரியைத் திறக்கச் சொன்னேன். உன் துப்பாக்கியை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று கம்பியை விட்டு எல்லாருக்கும் காட்டினேன். காற்றை மட்டும் ஏற்றி, மூலையில் இருந்த மணல் பெட்டியைப் பார்த்துக் குழாயை வைத்துக் கார்டு கையில் கொடுத்தேன்.

"சார், நீங்களே இழுங்க. இழுத்துப் பிடிச்சுக்கங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க. எல்லாம் உங்களுக்குத் தெரியும், நான் ஒண்ணும் மறைக்கல. விட்டாச் சுடும்."

"தெரியுது" என்றார். இழுத்தார். பாறை மாதிரி நின்றார். கமிட்டி ஆள் ஒருத்தர் சலித்துப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப உங்க விசில நீங்களே அடிங்க."

அவர் இன்னொரு கையால் விசிலை எடுத்து வாயில் வைத்தார். எனக்குச் சத்தம் கேட்காது, ஊசி. அவர் கன்னம் உப்பியதைத்தான் பார்த்தேன். அவர் விரல் வெளியே வந்ததைப் பார்த்தேன். மணல் பெட்டியில் காற்று பட்டுத் தூசி எழுந்தது.

விடக்கூடாது என்று தெரிந்தவர். விசிலை அடித்ததும் அவரே. குழாயும் தானாகக் கீழே இறங்கியிருந்தது.

கார்டு தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செயலாளரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் முதுகு என் பக்கம் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. பெயிண்டர் என் பக்கத்தில் வந்து நிதானமாகத் திருப்பிச் சொன்னார்: "அந்தப் பொண்ணு நான் சொல்லிக்குடுத்தத அப்படியே பண்ணியிருக்குன்னு சொல்றாரு."

அதோடு நான் கிளம்பியிருக்கலாம். கார்டு திரும்பி என் முன்னால் வந்து நின்றார். நான் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து கேட்டார்.

"இது மாதிரி எத்தனை வெளிய குடுத்திருக்கீங்க?"

"நாப்பது ஐம்பது இருக்கும்" என்றேன். பழக்க தோஷம்.

"சரி. பேரு, ஊரு எல்லாம் சொல்லுங்க. இன்னிக்கே கிளம்பி ஒவ்வொரு வீடாப் போய்க் கழட்டணும். ஒண்ணு விட்டாலும் நாளைக்கு எவன் கண்ணோ போகும். சொல்லுங்க, எத்தனை?"

பெயிண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுதான் என்று சொன்னேன். முதலில் என் துப்பாக்கியில் இருந்தது, கழற்றி அவளுக்கு அனுப்பினேன், வேறு இல்லை என்று சொன்னேன். அந்தச் சாம்பியனுக்குக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று செயலாளர் கேட்டார், அவருக்கும் அந்தக் கதை தெரியும். அப்படி யாரும் வரவில்லை என்றேன். நீயும் இப்போதைக்கு அதையே நம்பிக்கொள்.

முடிவு இது. உன்னை நீக்கவில்லை. ஆனால் மறைத்தாய், அதனால் இந்த வருஷம் அணியில் இடமில்லை, பயிற்சிச் சுற்றில் எடுத்த மதிப்பெண் செல்லாது. புதிதாகச் சேர்ந்தவர்களோடு, சாதா ட்ரிகரோடு, முதலிலிருந்து நிற்க வேண்டும். என் விஷயத்தில் நீ சொன்னதுதான் நடந்தது. இனிமேல் கிளப் துப்பாக்கி எதையும் நான் தொடக்கூடாது.

ட்ரிகரை அங்கேயே உடைக்கச் சொன்னார்கள். காவலாளி சுத்தியல் கொண்டு வந்தார். யாரும் தொட வேண்டாம் என்று நானே வாங்கி அடித்தேன். எத்தனை அடி தாங்கியது தெரியுமா? செயலாளரே மூக்கின் மேல் விரலை வைத்தார். கடைசியில் உடைந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு என் மேல் இருந்தால் எழுதாமல் இருந்துவிடாதே. திட்டியாவது எழுது.

மாமா

மே 4

மாமா,

எழுதாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன்.

உங்களைக் காப்பாற்றுவதற்காக விரல் வழுக்கியது என்று சொன்னேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாவும் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதிதான் உண்மை. ட்ரிகரைப் பற்றிச் சொன்னால் அந்த அட்டைகள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிடும். நடுவில் விழுந்த அத்தனை ஓட்டையும். கிளப்பை விட்டு வெளியே போனாலும், முதலாவதாக வந்தவள் ஒருநாள் தவறிவிட்டாள் என்ற பெயரோடு போகிறேன் என்று நினைத்தேன். நீங்கள் வந்து அதையும் உடைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதனால்தான் இத்தனை நாள் கோபம்.

நீங்கள் பஸ்ஸில் போன பிறகு கார்டு சார் கடைக்கு வந்தார். கண்ணாடி வாங்க வரவில்லை. "அன்னிக்கு எப்படிம்மா சுட்டுதுன்னு கேட்டேன்ல, அதுக்கு நீ சரியாப் பதில் சொல்லியிருந்தா நான் உன்னை என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சே?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். புதியவர்கள் நிற்கிற கடைசி லேன். என் பக்கத்தில் போன வாரம் சேர்ந்த ஒரு பாங்க் அம்மா, துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னைக் கேட்டார். பழைய கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பழைய ட்ரிகரை நானே மாட்டியிருந்தேன்.

தூக்கினேன். கறுப்பு நடுவில் வந்து நின்றது. விரல் வரவில்லை. இறக்கினேன். மறுபடி தூக்கினேன். வரவில்லை. பாங்க் அம்மா எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எத்தனை தடவை இறக்கினேன் என்று எண்ணவில்லை. கார்டு சார் அவசரப்படுத்தவில்லை. உடம்பு முழுக்க அந்தப் பயம் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. அதோடுதான் கடைசியில் சுட்டேன்.

கார்டு சார் போய் அட்டையை எடுத்து வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "ரெண்டு."

பத்துக்கு இரண்டு, மாமா. அதை நான் இழுத்தேன்.

ஊசி